கத்திரி புடிக்க ஏழு நாள் போதும், நாய் புடிக்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நாய்க்கு முடி வெட்டுற தொழில் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோவெல்லாம் அம்சமா வந்திருந்துச்சு, ரிப்பன் கட்டுன அந்த ஷிட்சூ நாய் போட்டோவ எங்க வீட்டு பொண்ணு வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. ஆனா படிச்சு முடிச்சதுலேருந்து எனக்கு மனசு ஆறல. ஏழு நாள் ட்ரெயினிங், ஒரு சின்ன ரூம், ஒரு மெஷின், அப்புறம் கை நிறைய காசுன்னு எழுதிட்டீங்க. திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்குள்ள எனக்கு மூணு போன். மூணும் பசங்க, மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி, அண்ணே எந்த மெஷின் வாங்கலாம். ஒருத்தன் கூட நாயப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதான் எழுதுறேன், நீளமா போனா வெட்டிக்கங்க, வெட்டுறது உங்களுக்கும் தொழில்தானே.

நான் யாருன்னு சொல்லிடறேன். திருச்சி உறையூர்ல எங்கப்பா சலூன் வெச்சிருந்தாரு, தாத்தாவுக்கும் அதே தொழில். ப்ளஸ் டூ முடிச்சதும் நான் கடைல நின்னேன், ஒன்பது வருஷம் மனுஷங்களுக்கு வெட்டுனேன், கட்டிங் ஷேவிங் ஃபேஷியல் எல்லாம். அப்புறம் ஒரு சொந்தக்காரர் மூலமா பெங்களூர்ல ஒரு நாய் பார்லருக்கு வேலைக்குப் போயி ஒன்றரை வருஷம் இருந்தேன், திரும்பி வந்து தில்லை நகர் பக்கத்துல சொந்தமா ஒரு ரூம் போட்டு இப்ப எட்டு வருஷம் ஓடுது. ஊருக்குள்ள என்ன பேசுனாங்கன்னு கேக்காதீங்க. மனுஷன் தலைல கை வெச்சப்பவே எங்கள வாசல்லயே நிக்க வெச்சவங்க இருக்காங்க, நாய்க்கு வெட்டப் போறேன்னதும் எங்க ஆளுங்களே சிரிச்சாங்க. கல்யாண வீட்டுப் பந்தில வெச்சு பெரியப்பா ஒருத்தர், ஏன்டா நாய் டிப்ஸ் குடுக்குமாடான்னு கேட்டாரு. கடி குடுக்கும் பெரியப்பான்னு சொல்லிட்டு ரசத்துக்கு கைய நீட்டுனேன்.

கத்திரி எனக்கு புதுசில்ல, அந்தத் திமிர்லதான் பெங்களூருக்கு பஸ் ஏறுனேன். அங்க ஓனரம்மா அஞ்சு மாசம் என் கைல கத்திரியே குடுக்கல. குளிப்பாட்டு, தொவட்டு, சீவு, தரைய கூட்டு, அவ்ளோதான். ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டே புட்டேன், மேடம் நான் ஒன்பது வருஷம் வெட்டுனவன்னு. அவங்க பதில் சொல்லாம ஒரு பீகிளை டேபிள்ல ஏத்தி நிக்க வெச்சு, இது இப்ப என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க. சும்மா நிக்குது மேடம்னேன். சும்மா நிக்கல, நாக்கால மூக்க நக்குது பாரு, கொட்டாவி விடுது பாரு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கண்ணு மட்டும் உன் கைய பாக்குது பாரு, ஓரத்துல வெள்ளை தெரியுதா, இப்ப நீ போயி பின்னங்கால புடிச்சேன்னா கடிக்கும்னாங்க. கொட்டாவின்னா தூக்கம்னு நெனைச்சுக்கிட்டிருந்தவன் நான்.

சலூன் சேர்ல உக்காந்தவர் தலைய சாய்ங்கன்னா சாய்வாரு, வலிச்சா ஸ்ஸ்னு சொல்வாரு, புடிக்கலன்னா அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிடுவாரு. நாய்க்கு இதுல எதுவும் கெடையாது. அது தானா வரல, யாரோ கூட்டிட்டு வந்து கழுத்துல கயித்த மாட்டி இடுப்பளவு ஒசரத்துல வழுக்குற டேபிள்ல நிக்க வெச்சிருக்காங்க, பக்கத்துல ஒரு மெஷின் உர்ருங்குது, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கால புடிச்சு இழுக்குறான். அது உறுமுறதுக்கு முன்னாடியே பத்து தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கும், நமக்குத்தான் காது கேக்கல. உறுமுனா மூக்குல ஒண்ணு போடறவங்கள பாத்திருக்கேன். அடி வாங்குன நாய் அடுத்த தடவை உறுமாது, அது நேரா கடி. அப்புறம் அந்த வீட்டுக்காரங்க எல்லா கடைலயும் இது கடிக்கிற நாய்னு சொல்லிட்டுத்தான் உள்ள வரணும், ஆயுசுக்கும்.

என் தப்பையும் சொல்லணும், இல்லன்னா யோக்கியன் மாதிரி ஆயிடும். கடை போட்ட மொத வருஷம், ஏப்ரல் மாசம், ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு பாட்டி ஆட்டோல ஒரு வெள்ளை பொமரேனியனை மடில வெச்சுக்கிட்டு வந்தாங்க, பேரு அப்பு. வெயில் தாங்கல தம்பி அதுக்கு, சுத்தமா எடுத்து விட்ருப்பான்னாங்க. கஸ்டமர் சொல்றாங்க, நமக்கும் கடை புதுசு, பத்தாம் நம்பர் பிளேடு போட்டு முழுசா எறக்கிட்டேன், அந்த பிளேடு தோல் மேல ஒன்றரை மில்லிமீட்டர்தான் விடும். அப்புவுக்கு முதுகுல முடி திரும்பி வர பதினாலு மாசம் ஆச்சு, வந்ததும் பழைய முடி இல்ல, பஞ்சு மாதிரி அங்கங்க திட்டு திட்டா. பொம், ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இதுங்களுக்கெல்லாம் ரெண்டு அடுக்கு முடி, மேல நீட்டமா கெட்டியா ஒண்ணு, அடில மெத்து மெத்துன்னு ஒண்ணு. சிரைச்சு எடுத்தா அடி முடி முந்திக்கிட்டு வளரும், மேல் முடி சில நாய்க்கு லேசுல திரும்பி வராது. வெயில் தோல்ல நேரா படாம தடுக்குறதே அந்த மேல் முடிதான். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மத்த சூட்ட பூரா நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் எறக்கும். அப்ப சிரைச்சு என்ன ஆகப் போகுது? கூரை வீட்ல கீத்த பிரிச்சுப் போட்டுட்டு இனிமே குளுகுளுன்னு இருக்கும்னு உக்காந்த கதைதான். செய்ய வேண்டியது அடில செத்துப் போயி கெடக்குற மெத்து முடிய சீவி எடுக்குறது, அதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், சிரைக்க இருபது நிமிஷம். பாட்டி என்னய திட்டல. அவங்க பழைய காட்டன் புடவைல ரெண்டு சட்டை தச்சு அப்புவுக்கு போட்டு கூட்டிட்டு வந்தாங்க, வெயில் படாம இருக்க. மெரூன் கலர் சட்டை ஒண்ணு, இன்னும் என் கண்ணுல நிக்குது.

அதுலேருந்து சம்மர் கட்னு யாரு கேட்டு வந்தாலும் மொதல்ல உக்கார வெச்சு பேசுவேன். பாதி பேரு கேப்பாங்க, மீதி பேரு எதிர்த்த தெருவுக்கு போயி சிரைச்சுட்டு வருவாங்க. ஹஸ்கிய நம்ம திருச்சி வெயில்ல வளக்குறது பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, இங்க எழுதுனா நாளைக்கு கடைக்கு வர்ற ரெண்டு பேரும் வர மாட்டாங்க, விட்ருங்க.

இன்னொண்ணு, இது போன ஐப்பசில நடந்துச்சு. ஒரு ஷிட்சூ, மூணு வயசு, கடைசியா முடி வெட்டி ஒன்பது மாசம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, நல்ல மனுஷங்க, மொபைல்ல போட்டோ காட்டி டெடி பியர் மாதிரி மூஞ்சி வேணும்னாங்க. மேலாப்புல பாத்தா பளபளன்னு இருந்துச்சு. நான் இரும்பு சீப்ப வெச்சேன், அரை இன்ச் கூட உள்ள எறங்கல. மேல மட்டும் பிரஷ் போட்டிருக்காங்க, அடில பூரா சடை, ஜமுக்காளம் மாதிரி ஒரே விரிப்பு. இதுல டெடி பியர் ஆகாது சார், மொட்டைதான்னேன். அந்தம்மா கண்ணு கலங்கிடுச்சு. சடைக்கு அடில பிளேட விட்டு நகத்தி நகத்தி போகணும், தோல இழுத்துப் புடிச்சுக்கணும், இல்லன்னா அக்குள் மடிப்பு மாட்டி கிழிஞ்சிடும், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளேட எடுத்து என் மணிக்கட்டுல வெச்சு சூடு பாக்கணும், ஏன்னா பிளேடு சுட்டா நாய் சொல்லாது, ராத்திரி வீட்ல போயி நக்கி நக்கி புண்ணாக்கிக்கும். கடைசில உரிச்ச ஆட்டுத்தோல் மாதிரி மொத்தமா ஒரே துண்டா வந்துச்சு. ரெண்டு அக்குளும் செவந்து தோல் வழண்டு கெடந்துச்சு. வலது காதுக்குப் பின்னாடி வந்தப்ப ஒரு வாடை வந்துச்சு, எங்க தொழில்ல அந்த வாடை தெரியும். விலக்கிப் பாத்தா அஞ்சு ரூபா காசு அளவுக்கு புண்ணு, உள்ள புழு நெளியுது.

அதோட மெஷின நிறுத்திட்டேன். புழு எடுக்குறது என் வேலை இல்ல, அது டாக்டர் வேலை, இத எத்தன கடைல ஒத்துக்குவாங்கன்னு தெரியல, டெட்டால ஊத்தி பவுடர தூவி அனுப்புறவங்க உண்டு. அவங்கள நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன், மீதி முடிய பத்து நாள் கழிச்சு எடுத்தேன். போறப்ப அந்த சார் கேட்டாரு, நேத்து கூட குளிப்பாட்டுனோமே தம்பின்னு. அதான் சார் பிரச்சனையே. சடை இருக்குறப்ப குளிப்பாட்டுனா தண்ணி உள்ள போயி காயாது, முடி நனைஞ்சு இறுகி இன்னும் கெட்டியாகும், மழைக்காலத்துல உள்ள ஈரத்துலயே வெந்து புண்ணாகும், ஈ வந்து முட்டை போட ஒரு நாள் போதும். மொதல்ல சீப்பு, அப்புறம்தான் தண்ணி. இந்த ஒத்த வரிய உங்க பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டீங்கன்னா எனக்கு பாதி வேலை கொறையும், வருமானமும் கொஞ்சம் கொறையும், பரவால்ல.

நான் சொல்ல வர்றது இதான் ஐயா. இந்தத் தொழில்ல முடி வெட்டுறது கடைசி வேலை. மொத வேலை கை வெச்சுப் பாக்குறது. ஒரு வீட்டு நாய மூக்குலேருந்து வால் நுனி வரைக்கும், விரல் சந்து, காது மடிப்பு, அடி வயிறுன்னு ஒரு எடம் விடாம தடவிப் பாக்குற ஆளு மாசத்துக்கு ஒரு தடவை நாங்க மட்டும்தான். டாக்டர் கிட்ட வருஷத்துக்கு ஒரு ஊசிக்கு போறாங்க, வீட்ல தலையத் தடவுறாங்க, அவ்ளோதான். எட்டு வயசு லேப், அதான் லேப்ரடார் ஒண்ணு, பொட்டை, கருத்தடை பண்ணல, அடி வயித்துல மடிக் காம்பு ஓரமா கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி என் விரல்ல நெருடுச்சு. கருத்தடை பண்ணாத பொட்டைக்கு வயசானா இது சகஜம்தான், ஆனா கடலையா இருக்கப்ப பாக்குறதுக்கும் எலுமிச்சம்பழமா ஆனப்புறம் பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. ஆபரேஷன் பண்ணிட்டாங்க, இப்பவும் வருது, தண்ணி பைப்ப கடிக்கும். அப்பார்ட்மெண்ட் நாய்ங்களுக்கு டைல்ஸ் தரைல நகம் தேயறதில்ல. அதுலயும் பாதத்துக்கு கொஞ்சம் மேல உள்பக்கமா ஒரு விரல் இருக்கும், தரையவே தொடாது, அந்த நகம் கொக்கி மாதிரி வளைஞ்சு திரும்பி சதைக்குள்ளயே ஏறிடும். ஒரு பக் நாய்க்கு அப்படி ஏறி மூணு மாசமா நொண்டியிருக்கு, குண்டானதால நொண்டுதுன்னு சோத்த கொறைச்சிருக்காங்க பாவம். நகத்துக்குள்ள ரத்த ஓட்டம் இருக்கு, வெள்ளை நகத்துல ரோஸ் கலர்ல தெரியும், கருப்பு நகத்துல தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா சீவி நடுவுல ஒரு கரும்புள்ளி தெரியுற எடத்துல நிறுத்தணும். இத ஏழு நாள்ல சொல்லிக் குடுக்கலாம். சொல்லிக் குடுத்தத கை நம்பறதுக்கு ஆறு மாசம் ஆகும்.

உண்ணி பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தக் கடுதாசி முடியாது. உண்ணி எடுக்கத்தான் பாதி பேர் வர்றாங்க. நாய் மேல நீங்க பாக்குறது கொஞ்சம், மீதி உங்க வீட்டு சுவத்து வெடிப்புலயும் கட்டிலுக்கு அடிலயும் ஆயிரக்கணக்குல முட்டையா இருக்கு. நான் மூணு மணி நேரம் உக்காந்து பொறுக்கி எடுத்து அனுப்புனாலும் வீட்டுக்குப் போனதும் திரும்ப ஏறும். அதுக்காக மண்ணெண்ணெய் தடவுறாங்க, ஃபினாயில் ஊத்துறாங்க, கற்பூரத்த தேங்காண்ணெய்ல கொழப்பி பூசுறாங்க, நாய் அத பூரா நக்கி உள்ள தள்ளும், தோலும் வெந்து போகும், தயவு செஞ்சு வேண்டாம். டாக்டர் கிட்ட கேட்டா மாத்திரையும் இருக்கு, முதுகுல விடுற சொட்டு மருந்தும் இருக்கு. நான் ஒவ்வொரு நாய்க்கும் மொதல்ல உதட்டத் தூக்கி ஈறைப் பாப்பேன், ரோஸ் கலர்ல இருக்க வேண்டியது வெளுத்துப் போயிருந்தா அன்னிக்கு குளியல் கெடையாது, உண்ணிக் காய்ச்சலான்னு டாக்டர் கிட்ட ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன். இதுல ரெண்டு மூணு பேரு என் மேல கோவிச்சுக்கிட்டு போனாங்க, ஒருத்தர் மட்டும் திரும்பி வந்து ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாரு.

வீட்ல நம்ம ஷாம்புவ போடறது, லைஃப்பாய் போடறது, சீயக்கா போடறது, இதையும் விட்ருங்க. நம்ம தோலோட அமில அளவு, பிஎச்னு சொல்வாங்க, 5.5 பக்கம், நாய்க்கு 7 பக்கம், நமக்கு ஒத்துக்கிட்டது அதுக்கு ஒத்துக்காது, சொறியும்.

ட்ரையர் விஷயத்த மட்டும் நிறுத்தி சொல்லணும். சில எடத்துல கூண்டுக்குள்ள நாய வெச்சு சூடு காத்த விட்டுட்டு டீ குடிக்க போயிடறாங்க. நாயோட சாதாரண சூடே 101லேருந்து 102.5 டிகிரி, நமக்கு அது காய்ச்சல். அது மேல சூடு காத்து. பக், ஷிட்சூ, ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு மூச்சு வாங்கி சூட்ட எறக்குறதுக்கு மூக்கே பத்தாது, பத்து பதினஞ்சு நிமிஷம் யாரும் பாக்கலன்னா முடிஞ்சு போச்சு. வெளியூர்ல ஒரு கடைல அப்படி ஒரு பக் போயிடுச்சு, எனக்கு தெரிஞ்ச பையன் அங்க வேலை பாத்தான், அவன் அன்னிக்கோட இந்தத் தொழிலையே விட்டுட்டான், இப்ப கொரியர்ல இருக்கான். அவனுக்கு அங்க கெடைச்ச ட்ரெயினிங் நாலு நாள். என் கடைல சூடே கெடையாது, வெறும் காத்துதான், நேரம் ரெண்டு மடங்கு ஆகும். சத்தத்துக்கு பயப்படுற நாய்க்கு காதச் சுத்தி ஒரு டவல முண்டாசு மாதிரி கட்டி விடுவேன், கெழவி மாதிரி உக்காந்திருக்கும், பாதி நாய்ங்க அதுலயே அடங்கிடும்.

இப்ப காசு கணக்கு, அதையும் மறைக்கல. நான் ஆரம்பிச்சப்ப நல்ல கிளிப்பர் ஒண்ணு 14,000, பிளேடு நாலு, ஒவ்வொண்ணும் 2,500, டேபிள் 11,000, ப்ளோவர் 9,000, தண்ணித் தொட்டி, ஏசி, அட்வான்ஸ் எல்லாம் சேத்து ஒன்றரை லட்சத்துக்கு மேல போச்சு. குளியல் மட்டும்னா 700 வாங்குறேன், முழு க்ரூமிங் 1,600. ஒத்த ஆளா ஒழுங்கா பண்ணா ஒரு நாளைக்கு நாலு நாய், அதுக்கு மேல பண்றவன் ஏதோ ஒண்ண முழுங்குறான்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை நாலு வரும், செவ்வாய்க்கிழமை ஒண்ணு வரும், ஐப்பசி கார்த்திகை மழைல கடை ஈ ஓட்டும், பொங்கலுக்கு முந்தின வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. வாடகை, கரண்டு, கூட இருக்குற பொண்ணு சம்பளம் போக மாசம் 35,000 சுமாரா நிக்கும். சலூன விட மேல, பொய் சொல்லல. ஆனா உங்க கட்டுரை படிச்சுட்டு கடன் வாங்கி மெஷின் வாங்கப் போற பையனுக்கு செவ்வாய்க்கிழமை கணக்கையும் யாராச்சும் சொல்லணும்ல.

ஒடம்புக்கு என்ன ஆகும்னும் போடல நீங்க. இடுப்பு போகும். கட்டை முடி நாய்ங்க முடி, லேப் பீகிள் இதுங்களது, ஊசி மாதிரி விரல் சந்துல ஏறி உள்ளயே தங்கி சீழ் புடிக்கும், சலூன்காரங்களுக்கும் இது வரும், எங்கப்பாவுக்கு இருந்துச்சு. ரேபீஸ் ஊசி கடி வாங்குறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், மூணு டோஸ், மொத நாள், ஏழாவது நாள், அப்புறம் இருபத்தொண்ணு இல்ல இருபத்தெட்டு. அது போட்டிருந்தாலும் கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும். என் கைல இதுவரைக்கும் பதினோரு கடி, அதுல ஒன்பது என் தப்பு. நாய்க்கு ரேபீஸ் சர்டிபிகேட் இல்லாம நான் டேபிள்ல ஏத்த மாட்டேன், அதுக்கு சண்டை போடறவங்களும் உண்டு.

எங்க கூட இருக்குற பொண்ணு பி.காம். நாய்னா உயிருன்னு சொல்லிட்டு வந்து சேந்துச்சு. மொத நாள் பின்பக்க சுரப்பி அமுக்கி விடுறத பாத்துச்சு, ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் சின்னப் பை இருக்கும், அடைச்சுக்கிட்டா நாய் பின்பக்கத்த தரைல தேச்சுக்கிட்டே போகும், அந்த நாத்தம் கருவாட்டுக் கடையே தேவலாம், பொண்ணு துப்பட்டாவ மூக்குல பொத்திக்கிட்டு வெளிய ஓடி போயிடுச்சு. சரி போச்சுன்னு நெனைச்சேன், ரெண்டு வாரம் கழிச்சு மாஸ்க்கோட வந்து நின்னுச்சு. இப்ப பயந்த நாய் எது வந்தாலும் அதான் மொதல்ல போயி தரைல உக்காரும், நாயப் பாக்காம, சைடுல திரும்பி, போன நோண்டுற மாதிரி. அஞ்சு நிமிஷத்துல நாய் தானா வந்து மோந்து பாக்கும். உயிருன்னு சொல்றது வேற, இது வேற.

சட்டத்துல எங்களுக்கு என்ன இருக்குன்னு பாத்தேன். நாய் இனப்பெருக்கம் பண்றவங்களுக்கு 2017ல ரூல்ஸ் வந்துச்சு, விக்கிற கடைங்களுக்கு 2018ல வந்துச்சு, ரெண்டு பேரும் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும். முடி வெட்டுறவனுக்குன்னு பரீட்சையும் கெடையாது லைசன்ஸும் கெடையாது, நாளைக்கே யாரு வேணா போர்டு மாட்டலாம். சரி, நாய கொடுமை பண்ணா? 1960ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு, மொத தடவை மாட்டுனா அபராதம் 10 ரூபாலேருந்து 50 ரூபா வரைக்கும். அச்சுப் பிழை இல்ல ஐயா, அம்பது ரூபாதான். நகம் வெட்ட நான் வாங்குறதே 200.

இன்னொரு பக்கம், எல்லா நாய்க்கும் பார்லர் வேணும்னு நான் சொல்ல வரல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெருவுலேருந்து எடுத்து வளக்குற நம்ம நாட்டு நாய், இதுங்களுக்கு வாரம் ஒரு தடவை ரப்பர் கிளவுஸால ஒரு தேய், மாசம் ஒரு குளியல், நகம் பாத்துக்கணும், முடிஞ்சுது. 2005ல தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பு போட்டப்ப எங்கப்பா சலூன் கண்ணாடில ஒட்டி வெச்சாரு, அந்த நாய்ங்க இந்த வெயிலுக்குன்னே பொறந்தது. அதுங்கள கூட்டிட்டு வந்து ஸ்பா பேக்கேஜ் கேக்குறவங்கள நானே நகம் மட்டும் வெட்டி அனுப்பிடுவேன். ஆனா முடி வளந்துக்கிட்டே இருக்குற சாதி, ஷிட்சூ, பூடில், லாசா, இதெல்லாம் வாங்குறப்பவே இது வாரத்துக்கு நாலு நாள் சீப்பு கேக்கும், மாசத்துக்கு ஒரு தடவை காசு கேக்கும்னு விக்கிறவன் சொல்லணும், சொல்ல மாட்டான். குட்டில வாங்குனதுலேருந்து தெனமும் ரெண்டு நிமிஷம் பாதத்த புடிச்சு விடுங்க, காத தொறந்து பாருங்க, வாயத் தொறந்து பாருங்க, ஒரு துண்டு கோழி குடுங்க. இது ஒண்ணு பண்ணிட்டீங்கன்னா பெருசானப்புறம் எங்க கிட்ட வாயக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. தூக்க மாத்திரை குடுத்து கூட்டிட்டு வராதீங்க, சிலர் மனுஷ மாத்திரைய பாதி ஒடச்சு குடுத்துட்டு வர்றாங்க, அந்த மாதிரி நாய நான் தொடறதே இல்ல. மயக்கம் தேவைன்னா அது டாக்டர் முன்னாடி, டாக்டர் கையால.

நம்ம பக்கத்துலயே ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, சென்னைல வேப்பேரி இருக்கு. இந்தத் தொழில்ல இருக்குற எங்கள மாதிரி ஆளுங்கள வருஷத்துக்கு ரெண்டு நாள் கூப்பிட்டு, தோல் நோய் எப்படி இருக்கும், எத பாத்தா ஒடனே அனுப்பணும், மூச்சு நின்னா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுத்தா நாங்க கடைய பூட்டிட்டு வந்துடுவோம், ஃபீஸும் கட்டுறோம். உங்க பேப்பர்காரங்க யாராச்சும் இத அங்க கேட்டு ஒரு செய்தி போட முடியுமான்னு பாருங்க. நாங்க போயி கேட்டா வாட்ச்மேன் நாய் எங்கன்னு கேக்குறாரு.

போன் பண்ண அந்த மூணு பசங்க கிட்டயும் ஒண்ணுதான் சொன்னேன், மெஷின் வாங்காதீங்க, ஒரு நாள் முழுக்க என் கடைல வந்து ஸ்டூல்ல உக்காருங்க, எதையும் தொடக்கூடாது, பாக்க மட்டும் செய்யணும்னு. ரெண்டு பேர் அதோட போன எடுக்கல. மணச்சநல்லூர்லேருந்து ஒருத்தன் வந்தான், இருபது வயசு இருக்கும், காலைல பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உக்காந்திருந்தான், பேசல, எனக்கு இவனும் தேற மாட்டான்னுதான் தோணுச்சு. கெளம்புறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே, அண்ணே மத்தியானம் வந்த அந்த வயசான லேப்பு டேபிள்ல நின்னப்ப வலது பின்னங்கால ஊனவே இல்லண்ணே, நீங்க எடது பக்கம் நின்னதால பாத்திருக்க மாட்டீங்கன்னான். நான் பாக்கல. ராத்திரி அந்த வீட்டுக்கு போன் பண்ணி கேட்டேன், ஆமா தம்பி மாடிப்படி ஏற மாட்டேங்குதுன்னாங்க. பையன திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். சம்பளம் எவ்ளோன்னு அப்புறந்தான் கேட்டான்.

இப்படிக்கு,
உங்க பேப்பர இருபது வருஷமா படிக்கிற ஒரு நாய் பார்லர்காரன்,
தில்லை நகர், திருச்சி.